அவலாஞ்சி போகாத தாமோதரன் அண்ணன்

அன்று காலை கடையைத் திறக்காமல், வீட்டு வாசலில் உட்கார்ந்து தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் இரவு அரக்கோணத்தில் மேட்டுப்பாளையம் ரயிலைப் பிடிக்க வேண்டும். போன் அடித்தது. தாமோதரன் அண்ணனின் நம்பர். "சொல்லுங்கண்ணா, ஸ்வெட்டர் எடுத்து வச்சாச்சா?" என்றேன். பேசியது அண்ணி. "பாய், அவரு எழுந்திருக்கல. கொஞ்சம் வாங்க" என்றார்கள்.

அண்ணனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருத்தணியில் அரக்கோணம் சாலையில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டும் கடை வைத்திருந்தவர் அவர். பக்கத்திலேயே என்னுடைய டூவீலர் ஒர்க்‌ஷாப். ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விவசாயிகள் மோட்டார் எரிந்துபோனால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாங்கள் இருவரும் ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்போம். எங்கள் நட்பு வளர்ந்தது அங்கேதான்.

கல்யாணத்துக்கு முன்பு, நீலகிரியில் ஒரு எஸ்டேட்டுக்கு மோட்டார் மாட்டப் போயிருக்கிறார் அண்ணன். அவலாஞ்சிப் பக்கம். வேலை முடிந்து கைகழுவ ஓடைக்கு இறங்கியவர், பாறைக்கு அடியிலிருந்து ஊற்று பொங்கி வருவதைப் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் மாறிவிடும். "மோட்டாரே இல்லாம தண்ணி வருது பாய்! நாம இங்க ஆயிரம் அடி போர் போட்டுட்டு காத்து வாங்கிக்கினு கீறோம். அங்க அது பாட்டுக்கு வருது. கைய வச்சா மரத்துப்போவுது. அதுக்குள்ள ஒரு மீனு, உடம்பு பூரா பொட்டு. ட்ரவுட்டுன்னு சொன்னாங்க. ஒரு தடவை அத தூண்டில்ல புடிச்சி, கையில வச்சிப் பாத்துட்டு, திருப்பி தண்ணியிலயே வுட்டுடணும்." அவர் வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒன்றைத்தான். வேறு எதையும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த மீன் புழுவைவிடத் தண்ணீருக்கு மேல் பறக்கும் பூச்சியைத்தான் தேடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். உடனே பொய்ப் பூச்சி கட்ட ஆரம்பித்துவிட்டார். காவடிகள் போன பிறகு தெருவில் உதிர்ந்து கிடக்கும் மயில்பீலியைப் பொறுக்கி வருவார். கடையில் மிஞ்சிய மெல்லிய காயில் கம்பியால் அதைத் தூண்டில் முள்ளில் வரிந்து கட்டுவார். "எப்டி பாய், மீனு ஏமாறுமா?" என்று கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கேட்பார். "நானே ஏமாந்துடுவேண்ணா" என்பேன். வயிறு குலுங்கச் சிரிப்பார்.

இவ்வளவு ஆசை இருந்தும் ஏன் போகவில்லை? இனிமேல் நான் எழுதப்போவது சிலருக்குப் பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்.

அண்ணன் வீடு மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் பக்கத்துத் தெருவில். அந்த இடத்தில் வீடு இருந்தால் அது சொந்தக்காரர்களின் சத்திரம் என்று அர்த்தம். மாதாமாதம் கிருத்திகை. ஆடிக் கிருத்திகை, தைக் கிருத்திகை, இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்குப் படித் திருவிழா. பிள்ளைக்கு மொட்டை, பேத்திக்குக் காதுகுத்து. முருகன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து, பாய் விரித்துப் படுத்து, சாம்பாரில் உப்பு குறைச்சல் என்று சொல்லிவிட்டுப் போனார்களே, அவர்கள் மேல்தான் வயிறு எரிகிறது.

நாங்கள் ஒவ்வொரு முறை நாள் குறிக்கும்போதும் ஒரு போன் வரும். "மச்சான், கிருத்திகைக்கு வரோம், அப்படியே ரெண்டு நாள் இருந்துட்டு திருப்பதி போயிட்டு வந்துடறோம்." அண்ணன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் கத்துவேன். "முடியாதுன்னு சொல்லுங்கண்ணா! வாய்ல என்னா கொழுக்கட்டையா?" அவர் குரலே எழும்பாது. "மலையடிவாரத்துல இருந்துக்கினு, சாமி கும்புட வர்றவங்கள வராதேன்னு எப்படி பாய் சொல்றது? அடுத்த மாசம் போலாம்." அடுத்த மாதமும் கிருத்திகை வரும். வராமல் இருக்குமா?

இந்த முறை எப்படியோ பிடிவாதமாக இருந்தார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கிருத்திகை முடிந்த மறுநாள் ராத்திரி ரயில். பெரம்பூரிலிருந்து அவருடைய தங்கை வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். அப்போதும் அண்ணன், "வந்துட்டுப் போவட்டும் பாய், நாம போறது போறதுதான்" என்றார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

கிருத்திகைக்கு முந்தின நாள் மதியத்திலிருந்தே அவருக்கு நெஞ்சு பிசைந்திருக்கிறது. அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கன்னு கெஞ்சினேன் பாய். வூட்டுல விருந்தாளிங்க இருக்கும்போது நான் போய் ஆஸ்பத்திரில படுத்துக்கினா நல்லாவா இருக்கும், அவங்க சாமி பாத்துட்டுப் போவட்டும், அப்புறம் போலாம்னாரு. அந்த வலியோட, அவங்க ஒக்கார வாசல்ல போட்ட பந்தலுக்கு நாற்காலி தூக்கிக்கினு வந்தாரு." விடிந்தபோது கிருத்திகை. அவர் எழுந்திருக்கவில்லை.

அண்ணா, உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். மரியாதை தெரிந்த மனிதர், நல்ல மனிதர், எல்லாம் சரி. நெஞ்சு வலிக்கும்போதுகூட மனிதன் மரியாதை பார்ப்பானா? உங்கள் உயிரைவிட அவர்கள் தரிசனம் பெரிதா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முடியாது என்று சொல்லியிருந்தால் இன்று நான் உங்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

காரியத்தன்று அந்தப் பெரம்பூர்க்காரர் வந்தவர் போனவர்களிடமெல்லாம், "மச்சான் வூட்டுக் கதவு மூடினதே கெடையாதுங்க" என்று உருகிக்கொண்டிருந்தார். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு அண்ணியிடம் வந்தார். "அக்கா, ஒரு வேண்டுதல் பாக்கி கீது. ஆனா இது துக்க வூடு. இங்க தங்கிட்டு மலை ஏறக் கூடாது. ஒரு வருஷத்துக்கு நாங்க லாட்ஜ்லயே ரூம் போட்டுக்கறோம். தப்பா நெனைச்சுக்காதீங்க."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தச் சத்தம். "லாட்ஜுன்னு ஒண்ணு இந்த ஊருல கீறது இப்பதான் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா? பத்து லாட்ஜ் தாண்டித்தானே ஒவ்வொரு தடவையும் இந்த வூட்டுக்கு வந்தீங்க!" பந்தலே திரும்பிப் பார்த்தது. யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

அண்ணி அழவில்லை. "வுடுங்க பாய்" என்றார்கள். பிறகு அந்தப் பெரம்பூர்க்காரரையே பார்த்துக்கொண்டு சொன்னார்கள்: "அவரு செத்துத்தான் இந்த வூட்டுக்கு லீவு கெடைச்சிருக்குது."

நேற்று மறுபடியும் கிருத்திகை. தெரு முழுக்கக் காவடிகள், அரோகரா சத்தம். அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு செருப்பு இல்லை. கூடத்தில் ஒரு பை இல்லை. அண்ணி ஒரு ஆளுக்கு மட்டும் சமைத்திருந்தார்கள்.

போய் வாருங்கள் அண்ணா. உங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. இனி நீங்கள் கிளம்பலாம்.