பிறக்காத இளவரசனுக்கு மணியடித்தவள்

தேம்ஸ் தெருவில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. ராணி மேரிக்கு ஆண் பிள்ளை பிறந்துவிட்டதென்று லண்டன் முழுக்க மணியடித்து, கடைகளைப் பூட்டி, வீதியில் பந்தி போட்டு, கடைசியில் பிள்ளையே பிறக்கவில்லை என்று தெரிந்து ஊரே அசடு வழிந்ததே, அந்த நாளில் முதல் மணியை அடித்தவள் புனித ஹில்டா கோயிலின் தாமசின்தானாம். வேண்டுமென்றே அடித்தாளாம். ராணியைக் கேலி செய்யவாம்.

இப்படி மூன்று ‘ஆம்’ சேர்ந்தால் ஆளைத் தூக்கில் போட்டுவிடுகிற ஊர் இது. அதனால் விசாரித்துவிடுவது நல்லது. விசாரித்ததில், பேச்சைப் பரப்புகிறவர்கள் எல்லாரும் அன்றைக்குப் பந்தியில் இருந்திருக்கிறார்கள். மணியடிப்பது யார் என்று பார்க்க, வறுத்த ஆட்டுக்கறியை விட்டு எழுந்து போனவர் ஒருவரும் இல்லை.

தாமசின் மெழுகுவர்த்தி செய்கிறவர் மகள். அவள் அப்பாவுக்குப் புனிதர்கள்தான் வாடிக்கையாளர்கள். கோயிலில் ஒவ்வொரு புனிதரின் சுரூபச் சிலைக்கு முன்னாலும் ஒரு மெழுகு விளக்கு எரிந்த காலம் அது. ராணி மேரியின் அப்பாவான பழைய ராஜா ஆண் வாரிசுக்காக மனைவியைத் தள்ளிவைத்தார். போப் அதற்கு ஒத்துவராததால் போப்பையும் தள்ளிவைத்தார். பிறகு ஒருவழியாகப் பிறந்த அந்த மகன், மீசை முளைக்கும் முன்னே பட்டத்துக்கு வந்தான். சுரூபங்களை இறக்கு, சுவரில் சுண்ணாம்பு அடி, விளக்கை அணை என்றார்கள் அவனைச் சுற்றியிருந்தவர்கள். அப்பாவின் பிழைப்பு ஒரே குளிர்காலத்தில் அணைந்தது. அதே ஆட்சிதான், சாமியார்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றும் சொன்னது. ஆக, அப்பாவின் தொழிலை எடுத்துக்கொண்டு மகளுக்கு மாப்பிள்ளையைக் கொடுத்தது.

மாப்பிள்ளை லாம்பர்ட், புனித ஹில்டா கோயில் சாமியார். நெடுநெடுவென்று உயரம், கேட்டால் நிற்கத் தோன்றும் குரல், அடுப்பு பற்றவைக்கத் தெரியாத கை. ஊருக்கு அந்தக் கல்யாணம் ஜீரணமாகவில்லை.

"சாமியாருக்குப் பொண்டாட்டின்னா அவளை நாங்க என்னன்னு கூப்பிடறது?" என்று கேட்டார் காஸ்னல்ட். மீன் மொத்த வியாபாரி. கோயில் பொறுப்பும் அவரிடம்தான்.

"தாமசின்னு கூப்பிடுங்க ஐயா. ஞானஸ்நானத்துல அதான் வச்சாங்க."

நாலு வருஷம் அப்படியே கூப்பிட்டார்கள். பிறகு பையன் ராஜா இருமி இருமிச் செத்துப்போனான். அவனுடைய மூத்த அக்கா மேரி பட்டத்துக்கு வந்தாள். பழைய மார்க்கத்துப் பூசை திரும்பி வந்தது, சுண்ணாம்பைச் சுரண்டினார்கள், பரணில் ஒளித்துவைத்த சுரூபங்கள் தூசி தட்டிக்கொண்டு இறங்கின. பெண்டாட்டி கட்டிய சாமியார்கள் பெண்டாட்டியை விட வேண்டும், இல்லையென்றால் பிழைப்பை விட வேண்டும். லாம்பர்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, கையில் எரியும் மெழுகுவர்த்தியோடு சபைக்கு முன்னால் நின்று, "இவள் எனக்கு மனைவி அல்ல" என்று அந்த நல்ல குரலில் சொன்னார். அவரை எசெக்ஸ் பக்கம் சதுப்புநிலத்துக் கிராமக் கோயில் ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளைப் பார்க்க வந்தால் சிறை. வருஷத்துக்கு ஒரு முறை வண்டிக்காரனிடம் ஒரு பாலாடைக்கட்டி வரும். கடிதம் வராது.

கோயில்பிள்ளை வேலை காலியாக இருந்தது. பெருக்குவது, குழிவெட்டுகிறவனை மேய்ப்பது, மணியடிப்பது. பாதிக் கூலிக்கு ஒத்துக்கொள்ள ஆள் தேடிய காஸ்னல்ட், அதைத் தாமசினுக்குக் கொடுத்துவிட்டுப் பெரிய தர்மம் செய்ததாகச் சொல்லிக்கொண்டார்.

ராணி ஸ்பெயின் தேசத்து இளவரசனைக் கட்டிக்கொண்டாள். சில மாதத்தில் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து லண்டனில் எல்லார் மனதிலும் ஒரே யோசனைதான். பிள்ளை பிறந்தால் பழைய மார்க்கம் வேர்விட்டு நிற்கும். பிறக்காவிட்டால் பட்டம் இளைய தங்கைக்குப் போகும். அவளோ செத்துப்போன பையன் ராஜாவின் மார்க்கம் என்று பேச்சு. தாமசினுக்கு இது இன்னும் சுருக்கம். பிள்ளை பிறந்தால் லாம்பர்ட் இந்த ஜென்மத்தில் திரும்பமாட்டார். ராணியின் சுகப் பிரசவத்துக்காகத் தினமும் கோயிலில் ஜெபம் நடந்தது. ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் அவளுக்குச் சரியாக இருமல் வரும்.

ஏப்ரல் கடைசி நாள். விடிந்தும் விடியாமல் கிழக்கே ஒரு மணி கேட்டது, பிறகு ஆற்றங்கரையில் மூன்று, பிறகு எண்ண முடியவில்லை. தாமசின் கோயில் படியில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன செய்தி என்று யாரும் வந்து சொல்லத் தேவையிருக்கவில்லை. அரச காரியத்துக்கு மணியடிக்காத கோயிலுக்கு அபராதம் உண்டு. அது தெரிந்தும் அவள் நகரவில்லை.

காஸ்னல்ட் பாதி மாட்டிய சட்டையோடு ஓடிவந்தார். "ஏம்மா, காது அடைச்சுப்போச்சா? ஊரே அடிக்குது, நம்ம கோயில் மட்டும் எழவு வீடு மாதிரி கெடக்கு."

"என்ன விசேஷம் ஐயா?"

"ராணிக்கு ஆம்பளப் பிள்ளை. ராத்திரியே பொறந்தாச்சு. வலிகூடப் பெருசா இல்லையாம்."

"யாரு பாத்தா?"

"இதென்ன கேள்வி? இத்தனை மணி பொய் சொல்லுமா? போ, போயி அடி. அபராதத்தை உன் புருஷனா வந்து கட்டுவான்?" சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதாவது, புருஷனா இல்லாதவன்."

அவள் உள்ளே போய்க் கயிற்றைப் பிடித்தாள். புனித ஹில்டாவின் பெரிய மணி இரண்டு இழுப்புக்கு வாய் திறக்காது, மூன்றாவதில்தான் பேசும். ஆத்திரத்தோடுதான் இழுத்தாள். அதற்குப் பிறகு நடந்ததை அவளால் யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. "சுவரு மூச்சு விட்டுச்சு" என்பாள். அதற்கு மேல் கேட்டால் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

நூறு கோபுரங்கள் ஒன்றாகப் பேசின. அவள் மணி அந்த ஓசைக்குள் போய் விழுந்ததும் எது தன்னுடையது என்று தெரியாமல் போனது. தரைக்கல் உள்ளங்காலில் துடித்தது. ஆறு சிலிர்த்தது. உட்கார ஒரு கோபுரமும் அமைதியாக இல்லாததால் புறாக்கள் ஊருக்கு மேலே ஒரே கூட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்தன. கீழே தெருவில், நேற்றுவரை ஒருவர் மார்க்கத்தை ஒருவர் காட்டிக்கொடுத்தவர்கள் பலகைகளைச் சேர்த்துப் போட்டு ரொட்டியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தையை ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் அது அங்கே இருந்தது. அத்தனை பெரிய ஓசைக்கு நடுவில் ஒரு குழந்தை இல்லாமல் இருக்க முடியாது.

கயிறு அவளைத் தரையிலிருந்து தூக்கித் தூக்கி இறக்கியது. அப்போது தாமசினுக்கு ராணி ஞாபகம் வந்தாள். கிரீடம் வைத்த ராணி அல்ல. அரண்மனையில் திரை இழுத்துமூடிய அறையில், முப்பத்தொன்பது வயதில், முதல் பிரசவம் முடிந்து கட்டிலில் கிடக்கிற ஒருத்தி. அவளுக்கும் புருஷன் பக்கத்தில் நிற்க வேண்டும். அவளும் நாள் எண்ணிக்கொண்டேதான் கிடந்திருப்பாள்.

"ரெண்டும் உசுரோட நல்லாருக்கட்டும்" என்று தாமசினின் வாய் சொல்லிற்று. சொன்னபிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. தன் புருஷன் திரும்பாமல் போகட்டும் என்று தானே வேண்டிக்கொண்டாள். திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தாள். மனசு வரவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. பிள்ளை பிறக்கவில்லை, வலியே இன்னும் எடுக்கவில்லை. பந்தியை மடித்தார்கள். மறுநாள் பேட்டை அதிகாரி ஒருவர் காகிதமும் மையுமாக வந்தார். பொய்ச் செய்திக்கு முதலில் மணியடித்தது யார் என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

"உனக்கு யார் சொன்னது?" என்று தாமசினைக் கேட்டார்.

காஸ்னல்ட் பக்கத்தில் நின்றார். அவர் முகம் அவருடைய கடை மீன் நிறத்துக்கு வந்திருந்தது. பொய்ச் செய்தி கொண்டுவந்தவனை, காதைத் தண்டனைக் கட்டையோடு ஆணியடித்து நிறுத்துவது வழக்கம்.

"யாரும் சொல்லலை ஐயா. பக்கத்துக் கோயில் மணி கேட்டுச்சு, அடிச்சேன்."

பக்கத்துக் கோயில்பிள்ளை பார்னபியைக் கூப்பிட்டார்கள். "நான் அக்கரை மணியைக் கேட்டு அடிச்சேன் ஐயா."

அக்கரைக்காரனைக் கேட்டார்கள். "நாங்க பார்னபி மணியைக் கேட்டுத்தான் அடிச்சோம்."

அதிகாரி நாலு பக்கம் எழுதி, தலையைச் சொறிந்து, போய்விட்டார். இவ்வளவு பெரிய நகரத்தில் முதல் மணி என்று ஒன்றே இல்லை. யாருமே தொடங்காத ஒன்றை எல்லாரும் சேர்ந்து செய்திருக்கிறார்கள். நினைக்க நினைக்க இது அந்தக் குழந்தையைவிடப் பெரிய அதிசயமாகத்தான் படுகிறது. அப்படியானால் பேச்சு எங்கே பிறந்தது? பயந்துபோன காஸ்னல்ட் அன்றைக்கே பீர் கடையில் உட்கார்ந்து, "எங்க கோயில்பிள்ளைதான், சாமியாரை வச்சிருந்தாளே, அவ வேலை" என்று நாலு பேரிடம் சொல்லிவைத்தார். கேட்டால், விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறார்.

வைத்தியர்கள் மாதத்தை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மே, ஜூன், ஜூலை. ஆகஸ்டில் அரண்மனைத் தொட்டிலைச் சத்தமில்லாமல் எடுத்துவைத்தார்கள். தாமசின் அந்தக் கோடை முழுக்க ஜெபத்தில் இருமவில்லை என்று பார்னபி சத்தியம் செய்கிறான்.

மூன்று வருஷம் கழித்து நவம்பரில் ராணி செத்துப்போனாள். தங்கை ராணியானாள். மத்தியானத்துக்குள் லண்டன் மறுபடி மணியால் நிறைந்தது. லாம்பர்ட் திரும்பி வருவதற்கான கதவு அன்றைக்குத் திறந்தது. எல்லாருக்கும் முன்னால் ஓடிப்போய் அடிக்க வேண்டியவள் தாமசின்தான். ஓடினாள். ஆனால் முதலில் துக்க மணி அடித்தாள். பெண் செத்தால் ஆறு, பிறகு வயதுக்கு ஒன்று: நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு, நிதானமாக.

காஸ்னல்ட் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, ஊரு சிரிக்குது, நீ அழுவறியா? உன் புருஷனைப் பிரிச்சவம்மா அவ."

"அவங்களுக்குன்னு அடிக்க வேண்டியது இது ஒண்ணுதான் ஐயா மிச்சம். அடிச்சு முடிச்சுடறேன்."

முடித்தாள். அதன்பிறகு புது ராணிக்காக அவள் இழுத்த இழுப்பில், பொழுது சாயும்போது கயிறு நடுவில் தேய்ந்து அறுந்தது. பார்னபியிடம் ஓடி, அவன் புதிதாக வாங்கி வைத்திருந்த கயிற்றைக் கேட்டு வாங்கி வந்து மாட்டி, இருட்டும்வரை அடித்தாள்.

"நாளைக்கே குடுத்துடறேன் அண்ணே."

"புருஷன் வரப்போற குஷியில மறந்துடாத தாயி."

புது ராணிக்குச் சாமியார்களின் பெண்டாட்டிகளைப் பிடிக்காது. ஆனாலும் விட்டுவைத்தாள், ஒரு நிபந்தனையோடு. சாமியார் கட்டிக்கொள்ளப் போகிறவள் நல்லவளா என்று பிஷப்பும் இரண்டு நீதிபதிகளும் விசாரித்துச் சான்று தர வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய பெண்டாட்டிக்கு இது வேண்டுமா என்று யாருக்கும் தெரியவில்லை. எதற்கு வம்பு என்று, திரும்பி வந்த லாம்பர்ட் அவளை அந்த விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். காதோரம் நரைத்திருந்தார், அடுப்பு இன்னும் பற்றவைக்கத் தெரியாது. நற்சாட்சி சொல்ல வந்தவர் காஸ்னல்ட்.

"இந்தப் பொம்பளையைப் பத்தி உமக்கு என்ன தெரியும்?" என்றார் ஒரு நீதிபதி.

காஸ்னல்ட் தொப்பியைத் திருகினார். "அடிக்கச் சொன்னா அடிப்பாங்க ஐயா. யாரு சொன்னதுன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க."

நீதிபதிகளுக்கு அது விளங்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டார்கள்.

லாம்பர்ட் வேலை பார்க்கும் எசெக்ஸ் கிராமத்துக்கு இருவரும் கிளம்பிய அன்று வண்டியில் ஒரு கட்டில், இரண்டு பெட்டி, லாம்பர்ட்டின் புத்தகங்கள். கோயிலுக்குப் புதுக் கயிறு வந்திருந்ததால், பார்னபியின் கயிறு திருப்பிக் கொடுப்பதற்காக மூலையில் சுருட்டி இருந்தது. லாம்பர்ட் அதைக் கண்டார். தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கைவேலையைச் சரியாகச் செய்தார்: கட்டிலையும் பெட்டிகளையும் சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி, இறுக்கிக் கட்டினார். தாமசின் பார்த்தாள். அவிழ்க்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பார்னபி இப்போதும் எசெக்ஸ் வண்டிக்காரனை வழிமறித்துக் கேட்கிறான். "அந்தம்மா ஏதாவது குடுத்தாங்களா?"

"கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க."

"நான் கேட்டது அது இல்லப்பா. இருபது கெஜம், நல்ல சணல்."