நெட்பால் கோர்ட்டும் சனிக்கிழமை எண்ணெயும்

மத்தியான மழை விட்டதும் கிள்ளான் வெயில் சுள்ளென்று திரும்பி வரும். அப்போது எங்கள் இடைநிலைப்பள்ளியின் நெட்பால் கோர்ட்டிலிருந்து கிளம்பும் சூடு, வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்தைத் தாண்டி உள்ளங்காலைத் தொடும். எனக்கு அந்தச் சூடு பிடிக்கும். காலையிலிருந்து நாற்காலியில் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்து, பேனா மூடியைக் கடித்துத் துப்பி, பக்கத்துப் பெண்ணின் ரப்பரைப் பிய்த்து, ஒரு தடவையாவது வகுப்புக்கு வெளியே நின்று வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, அந்தத் தார்த்தரையில் கால் வைத்தால்தான் எனக்கு மூச்சே ஒழுங்காக வரும்.

வீட்டில் எனக்குப் பெயர் ‘பம்பரம்’. அப்பா கோபத்தில் இருந்தால் ‘அடங்காப்பிடாரி’. சாப்பிடுகிற நடுவில் எழுந்து போய்விடுவேன். கடைக்குத் தேங்காய் வாங்கப் போனால் தேங்காயைத் தவிர மற்றதெல்லாம் வாங்கி வருவேன். “ஒரு எடத்துல குந்த மாட்டியா? கால்ல என்ன சக்கரமா கட்டியிருக்கு?” என்று அம்மா கேட்காத நாள் கிடையாது. இன்றைக்கு அதற்கு மருத்துவத்தில் நீளமான பெயர் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் தாமான் குடியிருப்பில் அதற்கு இரண்டே பெயர்தான்: கொழுப்பு, இல்லாவிட்டால் கிரகம்.

நெட்பாலில் பந்தை மூன்று வினாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது. எதையும் நெடுநேரம் பிடித்து வைக்கத் தெரியாத எனக்கென்றே யாரோ உட்கார்ந்து எழுதிய சட்டம் அது! ஆசிரியைகளை நாங்கள் மலாயில் ‘சிக்கு’ என்போம். விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்த சிக்கு ரொஸ்னா என்னை ‘சென்டர்’ ஆக்கினார். மற்றவர்கள் கோட்டைத் தாண்டினால் விசில் ஊதுவார்கள்; சென்டர் மட்டும் கோல் வட்டங்களைத் தவிர எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். ஓடினேன். ஓடிவிட்டு வீட்டுக்கு வந்த சாயங்காலங்களில் கணக்குப் புத்தகத்தை விரித்தால் எழுத்து குதிக்காமல் நின்றது, நானும் எழுந்திருக்காமல் உட்கார்ந்தேன். இதை வீட்டில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. கவனம் இல்லாதவள் என்று என்னைத்தான் சொன்னார்கள்.

மூன்றாம் படிவத்தில், பதினைந்து வயதில், என்னை மாவட்டக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். மாநிலப் போட்டி ஷா ஆலத்தில், ஒரு சனிக்கிழமை. அந்தப் போட்டியில் ஆடுவதைத் தவிர அந்த வயதில் எனக்கு வேறு ஆசையே இருந்ததில்லை. பாழாய்ப்போன அரையாண்டு மதிப்பெண்ணும் அதே வாரம்தான் வந்தது. வகுப்பில் கேட்டதெல்லாம் காற்றில் போயிருந்தது. “வெளையாட்டுதான் இவ மூளையத் திங்குது, டியூஷன்ல போடு” என்றார் அப்பா. “வெயில்ல ஓடி ஓடிக் கரிக்கட்டையா ஆயிட்டா, நாளைக்கு யாரு கட்டிக்குவா?” என்றார் அத்தை. பிரிக்பீல்ட்ஸ் ஜோசியர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கட்டத்தை மட்டும் பார்த்து, ஏழரைச் சனி என்றார். ஆக, சனிக்கிழமை சாயங்காலம் எள் தீபம் போட்டு நவக்கிரகத்தைச் சுற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. ஓடினால் படிப்பு கெடும், சுற்றினால் வரும்! என்ன கணக்கோ.

என்னைப் போட்டிக்கு அனுப்பப்போவதில்லை என்று தெரிந்து சிக்கு ரொஸ்னா வீட்டுக்கே வந்துவிட்டார். இந்தப் பெண் விளையாடுகிற நாளில்தான் வகுப்பில் அமைதியாக இருக்கிறாள், நிறுத்திவிடாதீர்கள் என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். அப்பா அவருக்கு மைலோ கலக்கச் சொல்லி, எதிரில் உட்கார்ந்து, சிரித்த முகமாக, “போலே, சிக்கு, போலே” என்றார். தாராளமாக வரலாம் என்று அர்த்தம். வந்தவர் மனம் நோக ‘முடியாது’ என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அந்தச் சிரிப்பை நானும் நம்பினேன், மக்கு மாதிரி.

சனிக்கிழமை காலை சப்பாத்து போட்டுக்கொண்டிருந்தவளை அம்மா அடுக்களைக்குக் கூப்பிட்டார். “தலை சுடுதுடி, கொஞ்சம் எண்ணெ வச்சு விடறேன், அப்புறம் போ.” பொம்பளைகளுக்கு வெள்ளிக்கிழமைதான், சனிக்கிழமை எண்ணெய் ஆகவே ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற அம்மா! உச்சந்தலையில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் முழுக்க இறங்கி, கண்ணை மூடி, கழுத்து வழியே சட்டைக்குள் ஓடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வெளியே பள்ளி வேனின் ஹாரன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போனார். “டெமாம், சிக்கு. டெமாம்,” என்று காய்ச்சல் கதையை அவர் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கண் எரிய எரியச் சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வேன் முனை திரும்பிவிட்டது. அப்பா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

சாயங்காலம் கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். நவக்கிரகத்தை ஓடிச் சுற்றினேன். “மெதுவாப் போம்மா, இது என்ன வெளையாடற பாடாங்கா?” என்று குருக்கள் அதட்டினார்.

அதற்குப் பிறகு பள்ளி விட்டதும் டியூஷன். காலை ஆட்டாதே, ஜன்னலைப் பார்க்காதே, பேசாதே. மதிப்பெண் ஏறவில்லை, ஏறும் என்று சொன்னவர்கள் யாரும் அதற்குப் பதில் சொல்லவுமில்லை. ஐந்தாம் படிவத்தில் கணக்கில் தோற்றேன். பிறகு கிடைத்த வேலைகளும் ஒன்றும் நிலைக்கவில்லை: மறதி, அவசரம், வாய். முப்பது வயது தாண்டித்தான், சுங்கை பூலோவில் ஒரு டாக்டர் அந்த நீளமான பெயரை என்னிடம் சொன்னார். சின்ன வயதில் ஏதாவது விளையாடினீர்களா என்று கேட்டார். கோர்ட் ஞாபகம் வந்து, ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதேன்.

இப்போது அந்தக் கோர்ட் இல்லை. கோடுகளின் மேலேயே புதுத் தார் போட்டு, ஆசிரியர்கள் கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். சிக்கு ரொஸ்னா எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். வீட்டில் என் தம்பி மகன், பதின்மூன்று வயது, நான் இருந்த மாதிரியே இருக்கிறான். அவனைக் காலாகாலத்தில் டாக்டரிடம் காட்டினார்கள். தினமும் நன்றாக ஓடவிடுங்கள் என்றார் அவர். பள்ளி முடிந்ததும் என் அப்பாவே அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு ஷா ஆலத்துக்கு ஃபுட்பால் பயிற்சிக்குப் போகிறார். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். “எங்க பேரனுக்கு வெளையாட்டுதான் மருந்து, டாக்டரே சொல்லிட்டாருலா” என்று அம்மா அண்டை அயலிடம் பெருமையடிக்கிறார்.

பையன் நன்றாக இருக்கட்டும். ஆனால் வயிறு எரிகிறதே, என்ன செய்ய? போன வாரம் கேட்டுவிட்டேன். “எனக்கும் இதேதானேம்மா இருந்துச்சு?”

அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. “ஒனக்கு நோவுன்னு யாரு கண்டா? திமிருன்னுதான் நெனச்சோம்.”

அவர்கள் நினைத்ததைக்கூட மன்னித்துவிடலாம். டாக்டர் சொல்கிற நாள் வரைக்கும், நானும் அதைத் திமிர் என்றே நம்பி என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.