கிழித்துப் போட்ட சிலந்திகள்

பிள்ளைகளே, படம் கீறிப் படிப்பதை நான் ஒருகாலமும் படிப்பென்று எண்ணியதில்லை. நான் படித்த காலத்தில் வாய்ப்பாட்டைச் சத்தம் போட்டுச் சொன்னால்தான் பாடம். விளங்கியதா என்று ஒருவரும் கேட்டதில்லை. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஆனாலும் வாய்ப்பாடு இன்றைக்கும் மறக்கவில்லை. அந்தப் பெருமையில்தான் பிழை விட்டேன்.

போன மாரியில் ஒரு பின்னேரம், இங்கே கனடாவில், பிறம்ரனில் வேலை முடித்து, பனிக்குள் காரை ஊர்ந்து ஓட்டி ஸ்காபரோ வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உடம்பில் சத்தில்லை. நாலாம் வகுப்பில் படிக்கும் என் மகள் மேசையில் இருந்து கீறிக்கொண்டிருந்தாள். கணக்குக் கொப்பியில் நாலைந்து பக்கம் முழுக்கச் சிலந்திகள்.

“கணக்குக் கொப்பியிலை பூச்சி கீறுறியோ?”

“ரீச்சர்தான் கீறச் சொன்னவா, அப்பா.”

“எந்த ரீச்சர் உப்பிடிச் சொல்லுவா?”

பதிலுக்குக் காத்திராமல் அந்தப் பக்கங்களைக் கிழித்துப் பழைய பேப்பர் போடும் நீலத் தொட்டியில் எறிந்தேன். அவளை நிற்க வைத்து ஏழாம் வாய்ப்பாட்டைப் பத்துத் தரம் சொல்வித்தேன். விடியக் குப்பை லொறி வந்து தொட்டியை வெறுமையாக்கிப் போய்விட்டது.

அடுத்த கிழமை ரீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டார். மனைவிக்கு வேலை, நான் போனேன். என் இங்கிலீஷ் நான் சாமான் ஏற்றி இறக்கும் வேர்ஹவுஸுக்கு மட்டும்தான் காணும். அதனால் மகளே நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள். இவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்க வராது, கையால் கீறினால்தான் மனதில் நிற்கும் என்றார் ரீச்சர். ஏழு சிலந்தி, ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கால்; எண்ணிப் பார்த்து ஐம்பத்தாறை அவளே கண்டுபிடித்தாளாம். நாளைய சோதனையில் அந்தப் படங்களைப் பார்த்து எழுதலாமாம். பிறகு அவளிடம், படங்கள் எங்கே என்று கேட்டார்.

தொலைத்துவிட்டேன் என்று மகள் இங்கிலீஷில் சொன்னாள். ரீச்சரின் முகம் வாடியது. மகள் என் பக்கம் திரும்பினாள்.

“படம் வடிவாயிருக்காம், அப்பா.”

‘லொஸ்ட்’ என்ற சொல்லை வேர்ஹவுஸில் நாள்தோறும் கேட்கிறவன் நான். என் பிழையை அவள் மறைப்பது எனக்கு விளங்கியது. ரீச்சர் கை தந்தார், நானும் விளங்காதவன்போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் அவள் படமில்லாமல் எழுதினாள். பாதிக்கு மேல் பிழை.

புதுக் கொப்பியும் நிறப் பென்சிலும் வாங்கி வந்து, பிழை என்னுடையது, இனி விரும்பினபடி கீறு என்றேன். அவள் கொப்பியைத் திறக்கவில்லை.

“பரவாயில்லை அப்பா, எனக்கு இப்ப வாய்ப்பாடு பாடமாயிட்டுது.”

கேட்காமலே எழுந்து நின்று ஏழாம் வாய்ப்பாட்டை முழுக்கச் சொன்னாள். ஒரு இடமும் தடக்கவில்லை. குரலில் உயிரும் இல்லை. ஏழெட்டு ஏன் ஐம்பத்தாறு என்று மெல்லக் கேட்டேன். சிலந்திக் கால் எண்ணி அதைக் கண்டுபிடித்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“பிழையோ, அப்பா?”