தொட்டியடியில் ஊற்றிய தண்ணீர்

முதலில் என் கண்ணில் பட்டது சோப்பு. மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஒரு மாதம் வரும் சோப்பு நாலே நாளில் கரைந்துபோனது. எலி இழுத்துக்கொண்டு போகிறது என்று நினைத்து மூடி போட்ட டப்பா வாங்கி வைத்தேன். என் புத்தி அவ்வளவு தூரம்தான் எட்டியது.

பிறகு அவள் கையைப் பார்த்தேன். விரலிடுக்கில் தோல் வெடித்திருந்தது. சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசையும்போது எரிச்சலில் முகம் சுளித்தாள். பனிக்கால வெடிப்பு என்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். ஒரு நாளைக்கு அவள் ஐந்து தடவை குளிக்கிறாள் என்பதை எதிர்வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் என் நாத்தனார். அமுலு என்று எழுதுகிறேன். அது அவள் பெயரல்ல, இந்தக் கட்டுரைக்காக அவளே வைத்துக்கொண்டது. மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு அண்ணனும் அண்ணியும்தான் எல்லாம். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர்.

எங்களைப் போல ஒரு பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமுலுவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது அண்ணி. ஆனா தொட்டியடிய வுட்டுடாத" என்றாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக இறால் குஞ்சு பொரிப்பகங்கள் நிறைய இருந்தன. அதில் ஒன்றில் குஞ்சுகளைப் பையில் போட்டுக் கட்டும் வேலைக்கு அமுலு போய்க்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. வாய் ஓயாமல் பேசுவாள். எதிரில் வருகிற பஸ் கண்டக்டரைக்கூடக் கலாட்டா செய்யாமல் விடமாட்டாள்.

ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை. எனக்கு விடுமுறை. இறால் குஞ்சுக்கு ஞாயிறு ஏது, அவள் வேலைக்குப் போயிருந்தாள். அங்கே மேற்பார்வை பார்த்தவன் மோட்டார் அறையில் வைத்து அவளைப் பலாத்காரம் செய்தான். இதற்கு மேல் அதைப்பற்றி எழுதமாட்டேன்.

இரண்டு பஸ் மாறி, பகல் பன்னிரண்டரைக்கு வாசலில் வந்து நின்றாள். சுடிதாரின் தோள்பக்கம் கிழிந்திருந்தது. துப்பட்டாவை இழுத்துப் போர்த்தியிருந்தாள். "அண்ணி" என்றாள். அவள் சொல்லாமலே எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய் வருகிறவர்கள் வாசல் வழியாக உள்ளே வரமாட்டார்கள். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் தண்ணீர்த் தொட்டியடிக்குப் போவார்கள். உடுத்திய துணியோடு தலைக்கு ஊற்றிக்கொண்டு, துணியையும் நனைத்துப் போட்ட பிறகுதான் படியேறுவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை, கால் தானாகப் போகும். அன்று என் காலும் அப்படித்தான் போனது.

"உள்ள வராத எம்மா. அப்டியே பின்னால வா, தலைக்கு ஊத்திக்கலாம்" என்றேன்.

"அண்ணி, கொஞ்சம் ஒக்காரணும் போலக் கீது."

"குளிச்சிட்டு ஒக்காரலாம் வா."

நாலு குடம் தண்ணீர் ஊற்றினேன். மஞ்சள் தேய்த்தேன், சீயக்காய் தேய்த்தேன். அவள் துணியைக் கல்லில் அடித்து, ஒரு பொட்டுக் கறை இல்லாமல் துவைத்துக் காயப்போட்டேன். அன்போடுதான் செய்தேன். எதையும் செய்துவிட்டு யோசிக்கிற ஜாதி நான். பதறாத காரியம் சிதறாது என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்கிறவளும் நான்தான்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். "ஊரு இன்னா வேணா பேசட்டும். போலீசுக்குப் போவணும்" என்றார். அமுலுவும் போகலாம் என்றாள். மறுநாள் காலை புகார் கொடுத்துவிட்டுச் செங்கல்பட்டில் உள்ள மருத்துவமனைக்குப் போனோம்.

பரிசோதித்தது ஒரு பெண் மருத்துவர். அமுலுவைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் "தொடலாமா?" என்று கேட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"குளிச்சாச்சா?"

"குளிச்சாச்சு மேடம். நான்தான் நல்லா தேச்சி ஊத்துனேன்." அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"போட்டிருந்த துணி?"

"தொவச்சிட்டேன் மேடம். காஞ்சிகினு கீது."

அவர் பேனா நின்றது. என்னைத் திட்டவில்லை. "பரவால்லமா. குளிச்சிட்டாலும் வரணும், வந்தது நல்லது. கிடைக்கறத எடுப்போம்" என்றார். ஸ்வாப் (பஞ்சு சுற்றிய குச்சியால் உடம்பிலிருந்து எடுக்கும் மாதிரி) எடுத்தார். கரு தங்காமலிருக்க மாத்திரை கொடுத்தார். அதை மூன்று நாளைக்குள் போட வேண்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எச்.ஐ.வி. கிருமி ரத்தத்தில் உடனே தெரியாது, மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் ஆறு மாதம் கழித்து ஒருமுறையும் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு தடவையும் கிருமி இல்லை என்று வந்தது.

படிக்கிறவர்களே, குளிக்க வைக்காதீர்கள். துணியைத் துவைக்காதீர்கள். கழற்றியிருந்தால் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், ஈரத்தில் தடயம் கெட்டுவிடும். குளித்திருந்தாலும் துவைத்திருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். நான் சொல்வது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். உங்களுக்கு இன்னும் கண் இருக்கிறது.

வழக்கு மூன்று வருடம் நடந்தது. அவனுடைய வக்கீல் கேட்டதற்கெல்லாம் அமுலு தலை குனியாமல் பதில் சொன்னாள். மாதிரியில் ஒன்றும் கிடைக்கவில்லை, துணியிலும் ஒன்றுமில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் சொல் நம்பும்படி இருந்தால் அதுவே போதும் என்று சட்டம் இருக்கிறதாம். அன்று அது போதவில்லை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவனை விட்டுவிட்டார்கள். அவனை விடுவித்தது என் நாலு குடம் தண்ணீர்தான் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

கை வெடிப்புக்கு வழக்கின் முதல் வருடமே ஒரு தோல் மருத்துவரிடம் காட்டியிருந்தோம். களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "இது தோல்ல வந்த நோய் இல்ல. மனநல டாக்டர பாருங்க" என்றார். நான் கூட்டிப்போகவில்லை. அந்தச் சீட்டு அவனுடைய வக்கீல் கையில் கிடைத்தால் அவளைப் பைத்தியம் என்று சொல்லி வழக்கையே மூடிவிடுவான் என்று பயந்தேன். வழக்கைக் காப்பாற்றுகிறேன் என்று மூன்று வருடம் அவளை அந்த வலியோடு விட்டுவைத்தேன். கடைசியில் வழக்கும் நிற்கவில்லை.

தீர்ப்புக்குப் பிறகுதான் போனோம். அவளுக்கு வந்திருப்பது எண்ணச் சுழற்சி நோய் (வேண்டாத ஒரு எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) என்றார் மனநல மருத்துவர். மாத்திரையும் உண்டு, பயிற்சியும் உண்டு என்றார். எதைக் கழுவ வேண்டும் என்று தோன்றுகிறதோ அதைக் கழுவாமல், பதற்றம் தானாக அடங்கும்வரை உட்கார்ந்திருப்பதுதான் பயிற்சி.

மூன்றாவது தடவை போனபோது அவர் அமுலுவிடம் சாதாரணமாக ஒன்று கேட்டார். "வெளிய போய்ட்டு வந்தா வீட்டுக்குள்ள எந்த வழியா வருவீங்க?"

"பின்னால."

"வாசல் வழியா?"

"வர்றதில்ல டாக்டர்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருடமாக அவள் வாசல் வழியாக உள்ளே வந்ததே இல்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு நான் இதைக் கவனிக்கவில்லை. நான் எலியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நான் ஊத்துன தண்ணியாலதான அவன் தப்பிச்சிட்டான்! என்ன மன்னிச்சிடு எம்மா."



"சாட்சி போனது போவட்டும் அண்ணி. எனக்கு அது இல்ல. வூட்டுக்குப் போய்ட்டா போதும், அண்ணி கீதுன்னு நெனச்சிகினே ரெண்டு பஸ் மாறி வந்தேன். நீ வாசல்லயே நிறுத்திட்ட. சாவு வூட்டுக்குப் போய் வந்தவ மாதிரி பின்னால அனுப்சிட்ட. அப்போ செத்தது யாருன்னு நெனச்சேன். நான்தான் போலன்னு நெனச்சிகினேன்."



அடுத்த நாளிலிருந்து பயிற்சியை வீட்டிலும் செய்தோம். வெளியே போய்விட்டு அவள் வருகிற நேரத்துக்கு நான் வாசலில் போய் நிற்பேன். செருப்பை விட்டுவிட்டு, காலைக் கழுவாமல் அவள் உள்ளே வர வேண்டும். முதல் நாள் படியைத் தாண்ட முக்கால் மணி நேரமானது. கூடத்தில் பாயைப் போட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவள் காலில் இருந்த மண் பாயெல்லாம் ஆனது. நான் அதைப் பெருக்கவில்லை. ஒரு வருடம் போன பிறகு ஐந்து குளியல் இரண்டானது, விரலிடுக்கில் தோல் மூடியது. செங்கல்பட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பழைய கலாட்டா மட்டும் திரும்பி வரவில்லை.

அதற்கும் சில வருடம் கழித்து ஒருநாள், எதிர்வீட்டுக்காரி தன் மகளைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடிவந்தாள். கல்லூரிக்குப் போகிற பெண். முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நடந்த பிறகும், சத்தியமாகச் சொல்கிறேன், என் கால் தொட்டியடிப் பக்கம்தான் திரும்பியது.

அமுலு உள்ளேயிருந்து வந்தாள். அந்தப் பெண்ணை உடனே தொடவில்லை.

"கைய புடிச்சிக்கட்டா?"

பெண் தலையாட்டினாள்.

"உள்ள வா. தண்ணி வேணாம், துணி மாத்த வேணாம். மொதல்ல வந்து ஒக்காரு."

வாசல் வழியாகக் கூட்டிப்போய்த் தன் கட்டிலில், தன் போர்வைமேல் உட்கார வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அந்தப் பெண்ணையே கேட்டாள். அவள் சரி என்ற பிறகு என்னிடம், "அண்ணி, ஆட்டோ கூப்டு" என்றாள். நானும் கூடப் போனேன். மருத்துவமனையில் அதே கேள்வியைக் கேட்டார்கள். "குளிக்கல" என்று அமுலுதான் சொன்னாள்.

திரும்பி வந்த பிறகு அவள் பின்பக்கம் போனாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்று நின்று மூன்று தடவை கேட்டது. நான் போய்த் தடுக்கவில்லை. குணமாகிவிட்டதா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்.

எனக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போது முதல் சொம்பைத் தூக்கியதும் கை நின்றுவிடுகிறது. விடிகாலையாக இருந்தாலும் சரி, அந்தியாக இருந்தாலும் சரி, தொட்டியடியில் எனக்குப் பகல் பன்னிரண்டரைதான். கொஞ்சம் உட்கார வேண்டும்போல் இருக்கிறது என்று ஒரு பெண் சொல்வது கேட்கிறது. "உள்ள வந்து ஒக்காரு எம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் சொம்பைக் கவிழ்த்துக்கொள்கிறேன்.