சிவநந்தினியின் லாகின்

உக்குவளை வீட்டிலிருந்தே கொழும்பு கம்பெனி ஒன்றுக்கு உழைத்துக் கொட்டியவள் சிவநந்தினி. கம்பெனியின் மென்பொருள்கள் எல்லாம் பூட்டிய களஞ்சியம் ஒன்றில் இருந்தன. அவற்றை எடுத்து ஓட்ட, கிளஸ்டர் என்ற கணினிக் கூட்டத்துக்கு ஒரு லாகின் தேவைப்பட்டது. கம்பெனி பெயரில் தனியாக ஒன்று கேட்டபோதெல்லாம் மேலாளர் யோகராஜ், "அப்புறம் பார்ப்போம்" என்றார். வேலை நிற்கக்கூடாதே என்று, தன் பெயரிலிருந்த சொந்த லாகினையே அதில் போட்டு வைத்தாள்.

போன மாதம் ஆட்குறைப்பு என்று அவளை நிறுத்தி, லாகினையும் மூடினார்கள். பழைய கணினிகளில் ஏற்கெனவே எடுத்து வைத்தவை தம் பாட்டுக்கு ஓடின. நேற்றுப் புதிய கணினிகளை மாட்டியதும் எல்லாம் படுத்துவிட்டது. யோகராஜ் அவளுக்குப் போனில் கோல் எடுத்தார்.

"நந்தினி, களஞ்சியம் உள்ளயே விட மாட்டேங்குதுங்க!"

"என் லாகின மூடிட்டீங்களே சார். எல்லாம் அதுலதான் ஓடுச்சு."

திரும்ப வேலைக்கு வரச் சொல்வாரோ என்று அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்பாடா! அப்ப அத மட்டும் திறந்து விடுறோம். நீங்க கவலப்படாதீங்க."

இன்றைக்கும் அவள் பெயர் கொழும்பில் வேலைக்குப் போகிறது. அவள்தான் உக்குவளையில் சும்மா கிடக்கிறாள்.