பத்துக்கு ஒன்பது புள்ளி எட்டு

எங்கள் நிறுவனத்தில் உதவாத அதிகாரியை வெளியே அனுப்ப ஒரே வழி, அவரை மேலே அனுப்புவதுதான். புனேயில் ஓர் அரசு காப்பீட்டு நிறுவனத்தின் மண்டலத் தலைவராக இருந்தபோது இதை நானும் செய்தேன். சொல்ல வாய் கூசுகிறது.

எனக்குக் கீழே இரண்டு துணைப் பொது மேலாளர்கள். ஒருவர் பதினொன்றரைக்கு வருவார். வருகிற ஃபைலில் எல்லாம் 'கலந்து பேசவும்' என்று எழுதித் திருப்புவார்; பேசப் போனால் சீட்டில் இருக்க மாட்டார். ஒரு வருடம் துணிந்து ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் அவருக்குப் பத்துக்கு ஆறு போட்டேன். நான் பழிவாங்குவதாகத் தலைமையகத்துக்குப் புகார் எழுதினார். எட்டு மாதம் விளக்கம் எழுதி என் கை ஓய்ந்ததுதான் மிச்சம். அவர்களே அதை எட்டாக்கிவிட்டார்கள்.

இன்னொருவர் புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். மேடம் என்றுதான் கூப்பிடுவேன். ஊருக்கு வெளியே சாகண் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை தீப்பிடித்தால் மறுநாள் காலை அங்கே நிற்பார். பதவி உயர்வுக்கான வயது வரம்பில் அவருக்கு அது கடைசி வருடம். எனக்கு அது நன்றாகவே தெரியும்.

அந்த வருடம், ஆள் தொலைந்தால் போதும் என்று அந்த மனிதருக்கு ஒன்பது புள்ளி எட்டு போட்டேன். 'தலைமைப் பண்பு மிக்கவர்' என்று வேறு எழுதினேன். மேடத்துக்கு ஒன்பது. இரண்டு க்ளெய்ம் தாமதமானது உண்மை, அதையும் எழுதினேன். அவர் வேலையே பேசும் என்று நினைத்தேன். இருந்தது ஒரே இடம். அது அந்த மனிதருக்குப் போனது.

மார்க் அவரவருக்குக் கம்ப்யூட்டரில் தெரியும். அந்த மனிதர் தன்னுடையதைக் கேன்டீனில் சொல்லிக்கொண்டு திரிந்தார். மேடம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். ஆபீசில் ஆங்கிலமும் இந்தியும்தான் பேசுவோம். அன்று தமிழில் பேசினார்.

"என் ஃபைல்ல நீங்க எழுதினது பராபர்தான் சார், தப்பே இல்ல. அவர் ஃபைல்லயும் அப்படியே எழுதியிருக்கலாமே?"

அந்தப் புகாரை, அந்த எட்டு மாதத்தைப் பற்றிச் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு அவர்கிட்ட பயம் சார். என்கிட்ட பயமில்ல."

மேல்முறையீடு செய்யுங்கள், நானே பரிந்துரைக்கிறேன் என்றேன். கம்ப்யூட்டரில் 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதை அழுத்திவிட்டால் மேல்முறையீடு கிடையாது. அதே பதவியில்தான் ஓய்வு பெற்றார்.

அந்த வாரமே என்னுடைய அறிக்கையும் வந்தது. நேர்மை என்ற கட்டத்தில் என் மேலதிகாரி 'ஐயத்துக்கு இடமில்லை' என்று எழுதியிருந்தார். நானும் 'ஏற்கிறேன்' என்று அழுத்தினேன்.