மாப்பிள்ளையின் ஊசி

குருபரப்பள்ளித் திம்மப்பனுக்கு ஊசி என்றால் கொசுக்கடி. தொழிற்சாலைகளில் பெரிய மெஷின்களை உருளையில் தள்ளி இடம் மாற்றுகிற கூட்டத்தில் அவன் மூத்த ஆள். கால்விரல் இரண்டு நசுங்கியபோதுகூட, "மீதி எட்டு இருக்குதில்ல" என்று டீ குடிக்கப் போனவன். அதே கூட்டத்தில் வேலை செய்யும், அவனுக்கு வாய்த்த தங்கச்சி புருஷன் தினேஷ்குமாரோ, நர்ஸ் வரும் திசையைப் பார்த்தே வேர்ப்பான். வயது இருபத்தாறு, மீசைக்கு மட்டும் நாற்பது.

ஒருவனுக்குப் பதில் இன்னொருவன் நிற்பது இந்தத் தொழிலில் சகஜம். லேட்டாக வருகிறவனின் வருகை அட்டையைக் கூட்டாளி தேய்ப்பான். பாதுகாப்பு வகுப்பில் ஒருத்தன் தூங்கி எழுந்து மூன்று பேருக்குக் கையெழுத்துப் போடுவான். பிடிபட்டவனைத் தவிர யாரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை.

ஆடி மாதம் எட்டுப் பேருக்கு வடக்கே ஓர் ஊரில் வேலை வந்தது. அங்கே தொண்டை அடைப்பான் நோய் பரவுகிறது, தடுப்பூசி அட்டை இல்லாதவன் ரயில் ஏறக்கூடாது என்றார் காண்ட்ராக்டர். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே ஒசூரில் முகாம் போட்டார்கள். இருநூறு பேர் வரிசை. நர்ஸ் மணிமேகலை கத்திக் கத்திச் சொன்னார்:

"சின்ன வயசுல போட்டது இப்ப தாங்காதுப்பா. பத்து வருஷத்துக்கு ஒருக்கா போட்டுக்கணும். போற எடத்துல ஒரே பாட்டில்ல வாய் வெச்சுக் குடிக்காதீங்க. துண்டை மாத்திக்காதீங்க. இருமுனா வாயை மூடுங்க."

எட்டுப் பேரும் பக்தியோடு தலையாட்டினார்கள், ஒரே பாட்டிலை வாயிலிருந்து வாய்க்கு மாற்றியபடி.

தினேஷ் காதோரம் வந்தான். "மச்சான், எனக்கும் சேத்து நீயே குத்திக்கயேன்."

"ஏன் மாப்ள, கல்யாணத்துக்கு மட்டும் நீயே வந்து உக்காந்தியே?"

"அதுல ஊசி இல்லியே மச்சான்."

திம்மப்பன் சிரித்துவிட்டான். சிரித்தவன் தோற்றான். இடது கையில் தன் பேருக்கு ஒன்று. ஒரு மணி நேரம் கழித்து மாஸ்க்கும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, வலது கையில் தினேஷ் பேருக்கு ஒன்று. தினேஷ் அட்டையைப் படம் எடுத்து, 'வலிக்கவே இல்ல' என்று ஊரிலிருந்த மனைவி வினோதாவுக்கு அனுப்பினான். அது ஒன்றுதான் அவன் சொன்ன உண்மை.

போன இடத்தில் பதினேழாம் நாள் தினேஷுக்குக் காய்ச்சல். தண்ணீர்கூட இறங்கவில்லை. கழுத்து வீங்கியதைப் பார்த்து, "உங்க மாப்ள காளையாயிட்டான்" என்று கூட்டமே சிரித்தது. உள்ளூர் டாக்டர் அட்டையைப் பார்த்தார். ஊசி போட்டவனுக்கு அந்த நோயாக இருக்காது என்று சாதாரணத் தொண்டைப்புண் மாத்திரை கொடுத்தார். பக்கத்திலேயே திம்மப்பன் நின்றான். பக்கத்திலேயே காண்ட்ராக்டரும் நின்றார். உண்மையைச் சொன்னால் எட்டுப் பேரையும் ஊருக்கு அனுப்பிவிடுவார். அப்புறம் கூப்பிடவும் மாட்டார். திம்மப்பன் வாயை மூடிக்கொண்டான். மறுநாளும் மூடிக்கொண்டான்.

மூன்றாம் நாள் தினேஷின் மூச்சு விசில் அடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் தொண்டைக்குள் சாம்பல் நிறத் தோல். பெரிய ஆஸ்பத்திரியில் திம்மப்பன் கன்னடமும் இந்தியும் கலந்து எல்லாவற்றையும் கக்கினான். டாக்டர் திட்டவில்லை. நோய்க்கிருமி உண்டாக்கும் விஷத்தை முறிக்கும் மருந்தை வரவழைத்துப் போட்டார். "முதல் நாளே போட வேண்டியது," என்றார். "விஷம் இதயத்துக்குப் போய்விட்டது."

இரண்டு நாள் ரயிலில் வந்த வினோதா, வார்டு வாசலில் போனிலிருந்த படத்தை நீட்டினாள்.

"அண்ணா, இவருக்குத்தான் ஊசி போட்டாச்சே. பொழச்சுக்குவாரில்ல?"

"அந்த ஊசி அவனுக்குப் போடலம்மா."

"பின்ன யாருக்குப் போட்டாங்க?"

திம்மப்பன் சட்டையின் வலது கையை மேலே சுருட்டிக் காட்டினான். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை. வினோதா விரலால் தடவித் தடவித் தேடினாள். பிறகு இரண்டு கையாலும் அந்தப் புஜத்தைப் பிடித்து உலுக்கினாள்.

"எடுத்து அவருக்குக் குடுடா."

பேசப் பழகிய நாளிலிருந்து அவள் அவனை 'டா' போட்டதில்லை.

சாயங்காலம் தினேஷ் செத்தான். அதுவரை அவள் நகம் அந்தக் கையில் பதிந்தே இருந்தது. திம்மப்பனும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.